மண் கரைக்கு வெளிப்பக்கம் ஊறுது, அடைக்கணுமா விடணுமா? கலிங்குல பலகை வைக்கலாமா?

மடைவாய்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிச்சிட்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாங்க 14 குடும்பம் சேர்ந்து பாத்துக்கிற ஒரு சின்ன மண் அணை. கரை நீளம் 160 மீட்டர் இருக்கும், நடுவுல உயரம் 5 மீட்டர், நிறைஞ்சா தண்ணி பரப்பு ரெண்டு ஹெக்டேர் பக்கம் வரும். எங்க தாத்தா காலத்துல கட்டினது, வரைபடம் கிரைபடம் எதுவும் கிடையாது. அடியில ஒரு அடி அகல ஹ்யூம் பைப் (சிமெண்ட் குழாய்) மதகு, ஷட்டர் உள்பக்கம் இருக்கு. ஒரு ஓரத்துல ஆறு மீட்டர் அகலத்துக்கு கலிங்கு (நிறைஞ்சா மிச்சத் தண்ணி வழிஞ்சு போற இடம்), அதோட மட்டத்துல இருந்து கரை மேல வரைக்கும் ஒரு மீட்டர் இருக்கு.

போன கோடையில தண்ணி வத்தினதும் ஜேசிபி விட்டு வண்டல் அள்ளினோம். கரையை ஒட்டி நல்ல கருப்பு மண்ணு கிடந்துச்சு, வயலுக்கு ஆகும்னு ஆளாளுக்கு அங்கயே ஆழமா தோண்டி எடுத்துட்டோம். இந்த மழைக்கு எட்டே நாள்ல நிறைஞ்சிடுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். பத்து நாள் முன்னாடி வெளிப்பக்கம் புல் அறுக்கப் போனப்ப மதகு பைப் வெளிய வர்ற இடத்துக்கு இடது கைப்பக்கம் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு தரை சதசதன்னு இருந்துச்சு, கால் வச்சா கணுக்கால் வரைக்கும் இறங்குது. அதுல ஒரு இடத்துல விரல் கனத்துக்கு தண்ணி ஓடிட்டு இருக்கு. பைப்புக்கு ஒட்டி இன்னொரு சின்ன ஊத்தும் இருக்கு. கண்ணுக்கு தெளிவாத்தான் தெரியுது.

இப்ப எங்களுக்குள்ள ரெண்டு பேச்சு. ஒரு கூட்டம், வெளிப்பக்கம் களிமண்ண கொட்டி நல்லா மிதிச்சு அடைச்சிடுவோம்னு சொல்றாங்க. இன்னொரு கூட்டம், கசிவு எல்லா கரையிலயும் இருக்கும், போன வருஷம் கடைசி தண்ணி பத்தாம பயிர் காஞ்சுது, அதனால கலிங்குல பலகையும் மணல் மூட்டையும் வச்சு ஒன்றரை அடி கூட தேக்குவோம்னு நிக்கிறாங்க. கரைக்கு கீழ ஒன்பது வீடு இருக்கு, அதுல ஒண்ணு என் சித்தப்பா வீடு. எனக்கு ராத்திரி மழை பெஞ்சாலே தூக்கம் வரல. என்ன செய்யலாம்?

---

மண்பொறியாளன்:

தம்பி, முதல்ல ஒண்ணு. வெளிப்பக்கம் களிமண் கொட்டி அடைக்கிற வேலைய இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. ஓட்டை விழுந்த குடத்த வெளியில இருந்து மெழுகுற மாதிரி நினைக்கிறாங்க, கரை அப்படி வேலை செய்யாது. உள்ள தேங்கின தண்ணி மண்ணுக்குள்ள புகுந்து மெதுவா வெளிப்பக்கம் இறங்கிட்டேதான் இருக்கும், எந்த மண் கரையிலயும் இது உண்டு. வெளியேற வழி இருக்குற வரைக்கும் கரையோட வெளிப்பாதி காஞ்சு கெட்டியா நிக்கும். வழிய மூடினீங்கன்னா தண்ணி உள்ளயே ஏறி வெளிச்சரிவ ஊற வச்சிடும், அப்புறம் வேற இடத்துல, இன்னும் மேல, நீங்க பாக்காத இடத்துல பிச்சிட்டு வரும், இல்லன்னா சரிவே வழுக்கி இறங்கும்.

தண்ணி வருதாங்கிறது முக்கியமில்ல, தண்ணியோட மண்ணு வருதாங்கிறதுதான் கேள்வி. தெளிஞ்ச தண்ணி வந்தா கவனிக்கணும். கலங்கி வந்தா கரை உள்ள இருந்து அரிச்சிட்டு இருக்குன்னு அர்த்தம். பெரிய மண் அணைகள் உடைஞ்ச கணக்க எடுத்துப் பாத்தா கிட்டத்தட்ட பாதி கரை மேல தண்ணி வழிஞ்சதால, இன்னொரு பாதிக்கு கொஞ்சம் கம்மி இந்த உள் அரிப்பால. சரிவு வழுக்கி போனது ரொம்பக் கம்மி. உங்க ஊர்க்கூட்டத்துல பேசுற ரெண்டு யோசனையும் சரியா இந்த ரெண்டு காரணத்தத்தான் கைய புடிச்சு கூட்டிட்டு வருது.

கண்ணால பாத்து தெளிவுன்னு சொல்றது போதாது. ரெண்டு ஊத்துலயும் தனித்தனியா கண்ணாடி பாட்டில்ல தண்ணி புடிங்க, ஓரத்து மண்ண கலக்காம, அசையாம ஒரு ராத்திரி வைங்க. காலையில வெயிலுக்கு நேரா தூக்கிப் பாத்தா அடியில படிஞ்சிருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். அப்புறம் அளவு. ஓடுற தண்ணிய சின்ன மண் வரப்பு கட்டி ஒரு பிவிசி பைப் துண்டுல திருப்பி விட்டு, கீழ ஒரு வாளி வச்சு, போன்ல டைமர் போட்டு எத்தன செகண்டுல நிறையுதுன்னு தினமும் ஒரே நேரத்துல எழுதுங்க. பக்கத்துலயே அணையில தண்ணி மட்டம் என்ன, மழை பெஞ்சுதான்னும் எழுதணும். மட்டம் அப்படியே இருக்குறப்ப கசிவு கூடினா அதுதான் அபாய மணி. மட்டம் ஏறினதால கசிவும் ஏறுச்சுன்னா அது ஓரளவு இயல்பு.

நீங்க வண்டல் அள்ளின கதையில எனக்கு உறுத்துறது ஒண்ணு இருக்கு. கரை அடியில கிடந்த அந்த கருப்பு மண்ணுதான் இத்தன வருஷமா பாய் விரிச்ச மாதிரி படிஞ்சு, கீழ இருக்குற மணல் தரைக்குள்ள தண்ணி இறங்காம காத்துட்டு இருந்துச்சு. அத கிழிச்சிட்டீங்கன்னு நினைக்கிறேன். உள்பக்கம் கரை அடியில இருந்து எத்தன அடி தள்ளி தோண்டினீங்க, எவ்வளவு ஆழம்னு சொல்லுங்க.

---

களிமேடு:

இவ்வளவு பயப்பட வேண்டாம் நண்பா. எங்க கரை நான் பொறந்ததுல இருந்து கசியுது, 40 வருஷமா ஒண்ணும் ஆகல. கசிவு தண்ணியில கீழ ரெண்டு வயல் விளையுது. பலகை வைக்கிறதும் எல்லா இடத்துலயும் பண்றதுதான், மழை வந்தா எடுத்துட்டா போச்சு.

---

ஆத்தோரம்:

களிமேடு அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, இதே வார்த்தைய நாங்களும் சொல்லிட்டு இருந்தவங்கதான். "அது எப்பவும் கசியும்." எங்க கரை உடைஞ்ச ராத்திரி வரைக்கும் சொன்னோம்.

நான் பாத்தத அப்படியே சொல்றேன். எங்களுதும் சின்ன கரைதான், நாலரை மீட்டர். மதகு பைப்புக்கு பக்கத்துல வருஷக்கணக்கா ஊறும், மாடு வந்து அதுல தண்ணி குடிக்கும். அன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு மாடு குடிக்காம தலைய தூக்கிடுச்சு. போய் பாத்தா தண்ணி டீ கலர்ல வருது. ஊத்து வாயில எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குழி, அத சுத்தி எறும்புப்புத்து மாதிரி பொடி மணல் வட்டமா குவிஞ்சிருக்கு, நடுவுல தண்ணி கொப்புளிக்குது. காலையில பாத்துக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். நான் எதிர்த்துப் பேசல, அது இன்னைக்கும் எனக்கு வலிக்குது. ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் அடிச்சு பாத்தப்ப அந்தக் குழிக்குள்ள தலைய விடலாம். சத்தம் வேற மாதிரி இருந்துச்சு, ஓடுற சத்தம் இல்ல, உள்ளுக்குள்ள உறுமுற சத்தம். மூட்டை மூட்டையா போட்டோம், போட்ட மூட்டைய முழுங்கிட்டே இருந்துச்சு. ஒன்பதரைக்கு கரை மேல வண்டித்தடத்துல ஒரு பள்ளம் விழுந்துச்சு, எல்லாரும் கத்திட்டு ரெண்டு பக்கமும் ஓடினோம், பத்து நிமிஷத்துல அந்த இடம் கரையா இல்ல. ஆள் யாரும் போகல, ஏன்னா எங்க அத்தை ஒருத்தி யாரு சொல்லியும் கேக்காம சாயங்காலமே கீழ இருந்த வீடுகளுக்கு நடந்து போய் ஒவ்வொரு வீடா எழுப்பி மேட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆடு மாடு போச்சு, மூணு வீடு போச்சு, வயல்ல மணல் ஏறினத இன்னும் முழுசா அள்ளி முடிக்கல.

மடைவாய் தம்பி, அந்த ஒன்பது வீட்டு போன் நம்பரையும் இன்னைக்கே ஒரு அட்டையில எழுதி ரெண்டு மூணு பேர் கையில குடுங்க. ராத்திரி யாரு எழுப்புறது, எந்த வழியா எந்த மேட்டுக்குப் போறதுன்னு பகல்லயே ஒரு தடவ நடந்து காட்டுங்க, கிழவங்க குழந்தைங்க இருக்குற வீட்ட முதல்ல போட்டுக்கங்க. கரை நிக்கட்டும், நிக்காம போகட்டும், இது வீணாகாது.

---

மடைவாய்:

அண்ணே, படிச்சிட்டு கை நடுங்கிடுச்சு. போன் நம்பர் வேலைய நேத்தே முடிச்சிட்டேன், சித்தப்பா பையன் பொறுப்பு எடுத்திருக்கான்.

சார், நீங்க சொன்னபடி பாட்டில் வச்சோம். சதசதப்பு இடத்து தண்ணி சுத்தமா தெளிவு. பைப்ப ஒட்டி வர்ற ஊத்து பாட்டில்ல அடியில நகக்கண்ணு கனத்துக்கு மஞ்சள் மண் படிஞ்சிருக்கு. ரெண்டு நாள் வச்சோம், ரெண்டு நாளும் படிஞ்சுது. பெரிய ஊத்துல 20 லிட்டர் வாளி 50 செகண்டுல நிறையுது.

தோண்டினது கரை அடியில இருந்து ஆறு ஏழு அடி தூரத்துல, ஆழம் ஆளுயரம் இருக்கும். மதகுக்கு நேர் எதிர்ல. சொல்லவே வெக்கமா இருக்கு, நானும்தான் நாலு டிராக்டர் மண்ணு எடுத்தேன்.

---

மண்பொறியாளன்:

வெக்கப்பட ஒண்ணுமில்ல தம்பி, யாரும் சொல்லித் தராத விஷயம். ஆனா இப்ப நேரம் கடத்தக் கூடாது. பைப்ப ஒட்டி மண்ணோட தண்ணி வருதுன்னா அணையில மட்டத்த இறக்கணும், இன்னைக்கே ஆரம்பிங்க.

ஏன் பைப்ப ஒட்டி வருது? உருண்டை பைப்போட அடிவயித்துல மண்ண கெட்டிக்கிறது யாராலயும் சரியா முடியாது, அங்க கொஞ்சம் சந்து இருந்துட்டே இருக்கும். ஹ்யூம் பைப்புன்னா துண்டு துண்டா சேத்தது வேற, கரை உக்கார உக்கார மூட்டு வாய் திறக்கும். தண்ணி அந்தச் சந்த புடிச்சு வெளிய வருது, வர்றப்ப ஒவ்வொரு துகளா மண்ண எடுத்துட்டு வருது, அதனால வழி வெளிப்பக்கத்துல இருந்து உள்பக்கம் நோக்கி பின்னாடியே தோண்டிக்கிட்டு போகும். அந்த வழி அணைத் தண்ணிய தொட்ட உடனே மணிக்கணக்குதான். அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல டீட்டன்னு ஒரு அணை, 93 மீட்டர் உயரம், முதல் தடவ நிறைக்கிறப்ப 1976 ஜூன் 5 காலையில ஏழு ஏழரை மணிக்கு கலங்கல் கசிவ பாத்தாங்க, ரெண்டு புல்டோசர் வச்சு ஓட்டைக்குள்ள மண்ண தள்ளினாங்க, அந்த ரெண்டு புல்டோசரையும் ஓட்டை இழுத்துக்கிச்சு, ஓட்டினவங்கள கயிறு போட்டு காப்பாத்த வேண்டியதாச்சு, மதியம் 12 அடிக்கிறதுக்குள்ள அணை இல்ல. 11 பேர் செத்தாங்க. அவ்வளவு இஞ்சினியர், அவ்வளவு மிஷின் இருந்த இடத்துலயே அதான் அவகாசம்.

இறக்குற விதம் முக்கியம். நாள் ஒண்ணுக்கு ஒரு அடிக்கு மேல வேண்டாம். வேகமா இறக்கினா உள்பக்கச் சரிவு ஊறின கனத்தோட நிக்கும், எதிர்ல முட்டுக் குடுத்துட்டு இருந்த தண்ணி போயிடும், சரிவு வழுக்கி உள்ள விழும். ஆனா ஊத்து பெருகிட்டே போகுது, தண்ணி நிறம் மாறுதுன்னா இந்தக் கணக்கு எதையும் பாக்காதீங்க, முடிஞ்ச வரைக்கும் வேகமா இறக்குங்க, ஆளுங்கள மேட்டுக்கு அனுப்புங்க, உங்க பொதுப்பணி ஆளுங்களுக்கும் போன் போடுங்க.

மதகு ஷட்டர கொஞ்சமா தூக்கி, ஒரு ஆள ஊத்துகிட்ட நிக்க வைங்க. திறந்ததும் ஊத்து கூடுதா கலங்குதான்னு பாக்கணும். கூடினா பைப் மூட்டுல இருந்துதான் வருது, உடனே மூடிட்டு சைஃபன் போடுங்க. ஆறு இஞ்சு பைப் ஒண்ண கரை மேல போட்டு, ரெண்டு முனையும் அடைச்சு, மேட்டுல ஒரு வாய் வச்சு தண்ணி ஊத்தி நிரப்பி, அந்த வாய மூடிட்டு ரெண்டு முனையும் ஒரே நேரத்துல திறந்தா இழுத்துக்கும். அணைத் தண்ணி மட்டத்துல இருந்து பைப்போட மேடு வரைக்கும் உள்ள ஏத்தம் ஆறு மீட்டருக்குள்ள இருந்தா போதும், உங்களுக்கு ஒன்றரை மீட்டர் கூட இல்ல.

ஊத்து வாயில என்ன போடணும்னா, அடைக்காம வடிகட்டுற மாதிரி. முதல்ல கழுவின ஆத்து மணல் ஒரு அடி கனம், அது மேல சின்ன ஜல்லி, அது மேல பெரிய ஜல்லி, கடைசியா கல்லு. தண்ணி போகும், மண்ணு நிக்கும், மேல இருக்குற கனம் தரைய அமுக்கி புடிக்கும். கொப்புளிக்கிற வேகத்துல மணல் நிக்கலன்னா ஊத்த சுத்தி மணல் மூட்டைய கிணத்துச் சுவர் மாதிரி வட்டமா அடுக்குங்க, ரெண்டு மூணு அடி உயரம். வட்டத்துக்குள்ள தண்ணி தேங்கி ஏறும், அந்த எதிர் பாரம் வேகத்த கொறைக்கும். வட்டத்த மேல மூடிடாதீங்க, ஒரு ஓரத்துல வழிய விடணும். மண்ணு வர்றது நிக்கிற உயரம் போதும்.

---

நீர்க்கணக்கு:

கசிவு பத்தி சார் சொல்லிட்டாங்க, நான் பலகை பத்தி மட்டும் சொல்றேன். தண்ணி பங்கீட்டு கணக்கு எழுதுறதுதான் என் வேலை, அதனால எண்ணுலயே பேசுறேன், கூட்டத்துல அப்படியே படிச்சு காட்டுங்க தம்பி.

கலிங்கு மேல எவ்வளவு தண்ணி போகும்கிறது ஆழத்துக்கு நேர் விகிதம் கிடையாது, ஆழம் பாதியானா போற தண்ணி பாதிக்கும் ரொம்பக் கீழ விழும். உங்க ஆறு மீட்டர் கலிங்குல கரை தலை தட்டுற வரைக்கும் ஒரு மீட்டர் ஆழம் ஓடினா செகண்டுக்கு சுமார் 10 கன மீட்டர் போகும். ஒன்றரை அடி, அதாவது 45 சென்டிமீட்டர் பலகை வச்சா மிச்சம் 55 சென்டிமீட்டர், அப்ப போறது 4 கன மீட்டர் பக்கம்தான். அடைச்சது பாதிக்கும் கீழ, இழந்தது பாதிக்கும் மேல. அந்த மீதி ஆறு கன மீட்டர் எங்க போகும்? கரை மேல ஏறி மண்ண அறுத்துட்டுத்தான் போகும். கரை தலை ஒரே மட்டமா இருக்காது, வண்டி போய் போய் எங்கயோ ஒரு இடம் தாழ்ந்திருக்கும், மொத்தத் தண்ணியும் அந்த ஒரு இடத்துலதான் குதிக்கும். கொத்தனார் வச்சிருக்குற தண்ணி ட்யூப் மட்டத்த வாங்கிட்டுப் போய் பத்து பத்து மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு கரை தலைய அளந்து பாருங்க. நான் அளந்த ஒரு கரையில எல்லாரும் ஒரு மீட்டர் இருக்குன்னு நம்பின இடத்துல 60 சென்டிமீட்டர்தான் இருந்துச்சு.

மழை வந்தா எடுத்துட்டா போச்சுன்னு களிமேடு அண்ணன் சொல்றாங்க. பெரிய மழை ராத்திரியில வரும், பலகைக்கு பின்னாடி முழு தண்ணி அழுத்தம் இருக்கும், செத்தையும் கட்டையும் வந்து அடைச்சிருக்கும், அந்த இருட்டுல கலிங்குல இறங்குற ஆள் உயிரோட திரும்புறது நிச்சயம் இல்ல. 1889 மே 31ல அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல சவுத் ஃபோர்க்குனு ஒரு மண் அணை, 22 மீட்டர் உயரம். வண்டி போக வசதியா கரை தலைய கொஞ்சம் இறக்கியிருந்தாங்க, வளத்த மீன் போயிடக் கூடாதுன்னு கலிங்குல கம்பி வலை போட்டிருந்தாங்க, அடியில இருந்த வெளியேத்துற பைப்புகள அதுக்கு முன்னாடி வச்சிருந்தவர் கழட்டி வித்துட்டார், திரும்பப் போடவே இல்ல. பெருமழை வந்துச்சு, வலையில செத்தை அடைச்சுது, ஆளுங்க இறங்கி வலைய எடுக்கப் பாத்தாங்க முடியல. தண்ணி கரை மேல ஏறி அணை உடைஞ்சு, கீழ இருந்த ஜான்ஸ்டவுன் ஊரோட சேத்து 2,209 பேர் போனாங்க. மீன் வலைன்னு சாதாரணமா கலிங்குல கட்டுறவங்க இத ஒரு தடவ கேக்கணும்.

சரி, தண்ணி பத்தலங்கிறது உண்மையான கவலை, அத ஒதுக்க முடியாது. அணைக் கொள்ளளவுக்கு தோராயக் கணக்கு, பரப்ப ஆழத்தால பெருக்கி 0.4 ஆல பெருக்கணும். 20,000 சதுர மீட்டர், 4 மீட்டர் ஆழம்னா 32,000 கன மீட்டர். உங்க பெரிய ஊத்து நிமிஷத்துக்கு 24 லிட்டர், ஒரு நாளைக்கு 35 கன மீட்டர் கூட வராது. வெயில் காலத்துல ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானா நிறைஞ்ச பரப்புல 120 கன மீட்டர் போகுது. அதாவது வெயில் குடிக்கிறது ஊத்து குடிக்கிறத விட மூணு மடங்கு கூட. இத ஏன் சொல்றேன்னா, தண்ணி வீணாகுதுன்னு ஊத்த அடைக்கணும்னு யாரும் துடிக்க வேண்டாம். அந்த ஊத்த கவனிக்க வேண்டியது கரைக்காக. தண்ணிய காப்பாத்தணும்னா வாய்க்கால்ல பாருங்க, மதகு வாயில ஒரு அளவு, கடைசி வயல் வாயில ஒரு அளவு. அந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிஞ்சா பலகை பேச்சே தானா நிக்கும்னு நினைக்கிறேன், என் அனுபவத்துல பெரிய ஓட்டை அங்கதான் இருக்கும். அடுத்த கோடையில வண்டல் எடுத்தா அணையோட நடுவுல எடுங்க. அங்க ஆழமாக்கினா அதே தண்ணி சின்ன பரப்புல நிக்கும், வெயிலுக்கும் கம்மியா போகும். கரை அடியில இருந்து குறைஞ்சது கரை உயரத்துக்கு ரெண்டு மடங்கு தூரம் விட்டுடுங்க.

---

களிமேடு:

அக்கா, கணக்கு புரியுது. எங்க கலிங்குலயும் மீன் வலை கட்டுறாங்க, இன்னைக்கு போய் பாத்தேன், வலையில ஒரு முழு வாழைமரம் மாட்டி கிடந்துச்சு. பேசி எடுக்க வைக்கிறேன். கரை மேல ரெண்டு பெரிய மரம் நிக்குது, அதுவும் ஆபத்துங்கிறாங்களே, வெட்டிடலாமா?

---

மண்பொறியாளன்:

வெட்டிட்டு அப்படியே விட்டீங்கன்னா வேர் உள்ள அழுகி குழாய் மாதிரி வழி விட்டுடும், அது மரம் நிக்கிறத விட மோசம். சின்னச் செடியா இருக்குறப்பயே புடுங்கிடணும். பெரிசான மரத்த எடுக்கணும்னா தண்ணி இல்லாத காலத்துல, வேர்க்கட்டையோட தோண்டி எடுத்து, அந்தக் குழிய அரை அடி அரை அடியா நல்ல மண்ணு போட்டு ஈரம் பாத்து திமிசு போட்டு நிரப்பணும். கரைக்கு புல்லுதான் நல்லது, குட்டையா அறுத்து வச்சா பொந்தும் கசிவும் கண்ணுக்குத் தெரியும். எலி வளை, நண்டு வளை, முள்ளம்பன்றிப் பொந்து எது பாத்தாலும் தோண்டி கெட்டிச்சிடுங்க. மஹாராஷ்டிராவுல ரத்னகிரி மாவட்டத்துல திவரே அணை 2019 ஜூலை 2 ராத்திரி உடைஞ்சு 20 பேர் பக்கம் செத்தப்ப, ஒரு அமைச்சர் நண்டு மேல பழிய போட்டார். கசியுதுன்னு ஊர்க்காரங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்க, கோவம் வர்ற விஷயம் அது. நண்டு வளை போடத்தான் செய்யும், அத தேடிப் பாத்து மூடுறது மனுஷன் வேலை. இந்தியாவுல 2021ல வந்த அணை பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல உள்ள அணைக்கும், சில நிபந்தனையோட 10 மீட்டருக்கு மேல உள்ளதுக்கும்தான். அஞ்சு மீட்டர் கரைய தேடி எந்தப் பட்டியலும் வராது, நீங்கதான் போய் பாக்கணும்.

---

மடைவாய்:

ஒரு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும், கரையிலயே கிடந்தோம்.

நாலு நாள்ல நாலு அடி இறக்கினோம். மதகு திறந்தப்ப ஊத்து கூடல, அதனால மதகாலயும் ஒரு சைஃபனாலயும் இறக்கினோம். தண்ணி வீணாகல, கீழ இருக்குற குட்டைய நிரப்பிட்டோம், அந்தக் குட்டைக்காரங்க ஆறு பேர் வந்து மணல் சுமந்து குடுத்தாங்க. மூணாம் நாள்ல இருந்து பைப் பக்கத்து பாட்டில்ல மண்ணு படியல. பெரிய ஊத்துல அதே வாளி இப்ப 2 நிமிஷம் 40 செகண்டு. மணலும் ஜல்லியும் சார் சொன்ன வரிசையிலயே போட்டாச்சு, போட்ட இடத்துல கால் வச்சா இப்ப இறங்கல.

தண்ணி இறங்கினதும் உள்பக்கம் நாங்க தோண்டின குழி ஓரம் வெளிய தெரிஞ்சுது. அதோட அடியில கருப்பு மண்ணு முடிஞ்சு பொடி மணல் தெரியுது சார், விரல விட்டா உள்ள போகுது. நீங்க பாக்காமலே சொன்னது அப்படியே இருந்துச்சு. கரை தலைய ட்யூப் வச்சு அளந்தோம், மதகுக்கு நேர் மேல 30 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கு. பலகை கேட்டவங்களே அந்தக் குச்சிய பாத்துட்டு அமைதியா போயிட்டாங்க.

இப்ப ஒரு கேள்வி. கோடையில அந்தக் குழிய மூட களிமண் கொண்டு வரணும், ரெண்டு இடத்துல மண்ணு இருக்கு, எது நல்லதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? பைப்ப சுத்தி என்ன பண்ணணும்?

---

மண்பொறியாளன்:

மனசு நிறைஞ்சுது தம்பி. தலை தாழ்ந்த இடமும் பைப் இருக்குற இடமும் ஒண்ணா இருக்குறது எனக்கு கவலை, அதனால மழை முடியுற வரைக்கும் தண்ணிய இந்த மட்டத்துக்கு மேல ஏற விடாதீங்க. அடுத்த மழைக்கும் மதகு திறந்தே இருக்கட்டும், வாளிக் கணக்கும் நிக்கக் கூடாது.

மண்ணு சோதனை சுலபம். ரெண்டு இடத்து மண்ணுலயும் பட்டாணி அளவு கட்டி எடுத்து, கண்ணாடி டம்ளர்ல பேட்டரிக்கு ஊத்துற தண்ணியில மெதுவா போடுங்க. கிணத்துத் தண்ணி வேண்டாம், அதுல உப்பு இருக்கும், ஏமாத்திடும். கலக்காம ரெண்டு மணி நேரம் விடுங்க. கட்டி உதிர்ந்து குவியலா உக்காந்தா பரவாயில்ல. கட்டிய சுத்தி பால் கரைஞ்ச மாதிரி மேகம் பரவி, அது அடங்காம நின்னா அந்த மண்ண கரைக்குத் தொடாதீங்க. கையில பிசைஞ்சா அருமையான களிமண் மாதிரி ஒட்டும், தண்ணி பட்டா சர்க்கரையா கரைஞ்சு போகும். இதால முதல் நிறைப்புலயே போன சின்ன அணைகள் நிறைய.

குழிய நிரப்புறப்ப மணல் தெரியுற இடத்த முழுசா மூடி, கரை அடியோட சேத்து ரெண்டு அடி கனத்துக்கு அரை அடி படுகையா போட்டு கெட்டிக்கணும், ஒவ்வொரு படுகையும் கையில புடிச்சா உருண்டையா நிக்கிற ஈரத்துல இருக்கணும். பைப்புக்கு, வெளிப்பக்க மூணுல ஒரு பங்கு நீளத்துல சுத்திலும் தோண்டி, அங்க இருக்குற மண்ண எடுத்துட்டு நாலு பக்கமும் சுத்தமான மணல் உறை போட்டு, அதுல சேர்ற தண்ணி வெளிய வர ஒரு சின்ன வடிகால் பைப் விடுங்க. கரைய வெட்டுற வேலைங்கிறதால தண்ணி முழுசா வத்தின பிறகுதான், மண்ணு வேலை தெரிஞ்ச ஒரு இஞ்சினியர நேர்ல வச்சுக்கிட்டு பண்ணுங்க. அதுக்கு முன்னாடி ஷட்டர மூடிட்டு ஒரு பையன டார்ச்சோட பைப் வாயில உக்கார வச்சு உள்ள பாக்கச் சொல்லுங்க, எந்த மூட்டுல தண்ணி சொட்டுதுன்னு எண்ணி எழுதட்டும், உள்ள மட்டும் நுழைய விடாதீங்க.

---

மடைவாய்:

நேத்து பாத்தோம் சார். வெளிய இருந்து மூணாவது மூட்டு, இடது பக்கம், கட்டை விரல் நுழையுற அளவு சந்து. பக்கத்துல மஞ்சள் மண்ணு கோடு போட்ட மாதிரி வழிஞ்சு காஞ்சிருக்கு. போட்டோ எடுத்து நோட்டுல ஒட்டியாச்சு. இன்னைக்கு காலையில வாளி 2 நிமிஷம் 45, பாட்டில் தெளிவு, மழை இல்ல.

---

ஆத்தோரம்:

அந்த நோட்டு ஒருத்தர் வீட்டுல மட்டும் இருக்க வேண்டாம் தம்பி, ஒரு பிரதி சித்தப்பா வீட்டுல வைங்க.